கிறீச்சிடும் பிரேக்கும் தேய்ந்த டிஸ்க்கும்: வீட்டு வேலை எதுவரை?

பிரேக் மிதிக்கும்போது கிறீச்சென்று சத்தம் வந்தால் பலரும் இரண்டில் ஒன்றைத்தான் செய்கிறார்கள். கொஞ்ச நாளில் தானாகப் போய்விடும் என்று விட்டுவிடுவார்கள். இல்லையென்றால் பேடு, டிஸ்க் இரண்டையும் மொத்தமாக மாற்றிவிடுவார்கள். மாற்றிய பிறகும் அதே சத்தம் திரும்பி வந்தால்தான் குழப்பம் தொடங்குகிறது. புதுப் பொருள் போட்டும் ஏன் கத்துகிறது?

பெரும்பாலான நேரம் கோளாறு பேடில் இருக்காது. பேடு உட்காரும் இடத்தில் இருக்கும். துருவேறிய பிராக்கெட், காய்ந்துபோன ஸ்லைடு பின், துடைக்காமல் விட்ட ஹப் ஆகியவற்றைக் கவனிக்காமல் புதுப் பேடு போட்டால் சத்தம் திரும்பத்தான் செய்யும். டிஸ்க் விஷயம் வேறு மாதிரி. அதைக் கண்ணால் பார்த்து நல்லது, கெட்டது என்று சொல்ல முடியாது. அளந்துதான் சொல்ல முடியும். இவை இரண்டும் புரிந்தால், எந்த வேலையை வீட்டில் செய்யலாம், எதை மெக்கானிக்கிடம் விட வேண்டும் என்பது தானாகவே தெளிவாகும்.

முதலில், உள்ளே என்ன நடக்கிறது?

சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும் வார்ப்பிரும்பு வட்டுதான் டிஸ்க். ரோட்டார் என்று சொல்வதும் இதைத்தான். அது பொருந்தி நிற்கும் முகம் ஹப். டிஸ்க்கின் இரு பக்கமும் ஒவ்வொரு பேடு இருக்கும். பேடு என்பது இரும்புத் தகட்டின் மேல் ஒட்டப்பட்ட உராய்வுப் பொருள். பேடுகளின் இரு முனைக் காதுகளும் பிராக்கெட் என்ற இரும்புச் சட்டத்தில் உட்காரும். இரண்டு பேடுகளையும் கவ்வி அழுத்துவது காலிப்பர். காலிப்பருக்குள் இருப்பது பிஸ்டன்.

பெடலை மிதித்தால் பிரேக் ஆயில் வழியாக அழுத்தம் வந்து பிஸ்டனைத் தள்ளுகிறது. பெரும்பாலான கார்களில் பிஸ்டன் உள்பக்கம் மட்டும்தான் இருக்கும். அது உள்பேடை டிஸ்க்கில் அழுத்தியதும், அந்த எதிர்விசையில் காலிப்பர் முழுவதும் இரண்டு ஸ்லைடு பின்களின் மேல் வழுக்கி நகர்ந்து, வெளிப்பேடையும் டிஸ்க்கோடு சேர்த்து அழுத்தும். பின்கள் இறுகிப்போனால் பெரும்பாலான வேலை உள்பேடின் தலையில் விழும். அது மட்டும் சீக்கிரம் தேயும்.

பெடலிலிருந்து காலை எடுத்ததும் பிஸ்டனைப் பின்னுக்கு இழுக்க ஸ்பிரிங் எதுவும் கிடையாது. பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரப்பர் சீல், அழுத்தத்தில் சற்றே வளைந்துகொடுக்கும். அழுத்தம் போனதும் அது பழைய நிலைக்குத் திரும்பும். திரும்பும்போது பிஸ்டனையும் இம்மியளவு பின்னுக்கு இழுத்துவிடும். அந்த இம்மியளவு இடைவெளிதான் பேடு டிஸ்க்கில் சதா உரசாமல் காக்கிறது. துருவும் அழுக்கும் முதலில் விழுங்குவது அந்த இடைவெளியைத்தான்.

இனி வெப்பம். பிரேக் செய்யும் வேலை, வண்டியின் இயக்க ஆற்றலை வெப்பமாக மாற்றுவது. 1,500 கிலோ எடையுள்ள கார் மணிக்கு 100 கி.மீ. வேகத்திலிருந்து நின்றால் ஏறத்தாழ 580 கிலோஜூல் வெப்பம் வெளிப்படும். ஒன்றேமுக்கால் லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்க அது போதும். 50 கி.மீ. வேகத்திலிருந்து நின்றால் இதில் கால் பங்குதான், ஏனென்றால் ஆற்றல் வேகத்தின் இருமடியாகக் கூடுகிறது. பிரேக் போடும்போது வண்டியின் பாரம் முன்னுக்குச் சாய்வதால் இந்த வேலையில் சுமார் 60 முதல் 70 சதவீதத்தை முன்சக்கரங்களே செய்கின்றன. முன்பேடுகள் பின்பேடுகளைவிடச் சீக்கிரம் தேய்வதற்கு இதுவே காரணம்.

சத்தம் எப்படிப் பிறக்கிறது?

பேடு டிஸ்க்கின் மேல் ஒரே சீராக வழுக்குவதில்லை. பிடிக்கிறது, விடுகிறது, மறுபடி பிடிக்கிறது. நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை இப்படி நடக்கும்போது பேடும் காலிப்பரும் டிஸ்க்கும் சேர்ந்து அதிர்கின்றன. அந்த அதிர்வு நொடிக்கு 1,000 தடவைக்கு மேல் போனால் கிறீச்சென்று கேட்கும். அதற்குக் கீழே இருந்தால் உறுமல் போல, முனகல் போலக் கேட்கும்.

அதிர்வு எல்லா பிரேக்கிலும் உண்டு. அது காதில் விழும் அளவுக்குப் பெருகுகிறதா என்பதுதான் கேள்வி. பேடு பிராக்கெட்டில் சரியாக உட்கார்ந்திருந்தால் அதிர்வு அங்கேயே அடங்கிவிடும். பேடின் முதுகில் ஒட்டியிருக்கும் ஷிம் என்ற மெல்லிய தகடும் அதை அடக்கத்தான் வைக்கப்பட்டிருக்கிறது. காதுகள் துருவில் சிக்கினாலோ, காதுகள் உட்காரும் எஃகு கிளிப் தளர்ந்தாலோ, ஷிம் கழன்றாலோ அதிர்வுக்குக் கடிவாளம் இல்லாமல் போகிறது.

பேடின் கலவைக்கும் இதில் பங்கு உண்டு. உலோகத்துகள் அதிகமுள்ள செமி மெட்டாலிக் பேடு சூட்டை நன்றாகத் தாங்கும். ஆனால் கொஞ்சம் சத்தம் போடும், டிஸ்க்கையும் கூடுதலாகத் தேய்க்கும். ஆர்கானிக் வகை மென்மையானது, சத்தம் குறைவு, தேய்மானம் வேகம். செராமிக் வகை அமைதியானது, கரித்தூள் குறைவு. எதை வாங்கினாலும் வண்டித் தயாரிப்பாளர் சொன்ன அளவும் வகையும் பொருந்த வேண்டும். சத்தத்துக்குப் பயந்து கண்டபடி வகை மாற்றுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

சத்தம் வரும் நேரத்தை வைத்துக் காரணம் பிடிப்பது

சத்தத்தின் உரப்பைவிட அது எப்போது வருகிறது, எப்போது நிற்கிறது என்பதுதான் அதிகம் சொல்லும்.

1. காலையில் முதல் சில பிரேக்கில் மட்டும் வந்து நின்றுவிடுகிறது. இரவு ஈரத்திலோ மழையிலோ டிஸ்க்கின் மேல் படிந்த மெல்லிய துரு அது. பேடே அதைத் துடைத்து எடுத்துவிடும். எதுவும் செய்ய வேண்டாம். பல நாள் நிறுத்திவைத்த வண்டியில் இது சற்று நீளும்.

2. ஓடிக்கொண்டிருக்கும்போதே மெல்லிய கீச்சுச் சத்தம், பிரேக் மிதித்தால் மாறுகிறது அல்லது நின்றுவிடுகிறது. பேடு தேய்ந்துவிட்டது என்று எச்சரிக்கும் எஃகு நாக்கு டிஸ்க்கில் உரசுவதாக இருக்கலாம். பேடில் சுமார் 2 முதல் 3 மி.மீ. மிச்சமிருக்கும்போது தொடும்படி அதை வைத்திருக்கிறார்கள். வேண்டுமென்றே உண்டாக்கப்பட்ட சத்தம் இது. இதை அடக்க வழி தேடக்கூடாது. பேடை மாற்ற வேண்டும். சில வண்டிகளில் நாக்குக்குப் பதில் மின் உணரி இருக்கும், அது டாஷ்போர்டில் விளக்கை எரியவைக்கும். எல்லாப் பேடிலும் நாக்கு இருக்கும் என்று நம்பியிருக்க வேண்டாம். நாக்கு இல்லாத பேடு ஓசையே இல்லாமல் தகடுவரை தேய்ந்துவிடும்.

3. மெதுவாக நிற்கும்போது மட்டும் கிறீச். பேடு கனமாக இருந்தும் இப்படி வந்தால், பிராக்கெட்டில் அழுக்கு, காய்ந்த கிரீஸ், தளர்ந்த கிளிப், சூட்டில் வழவழத்துப்போன பேடு முகம் ஆகியவற்றை வரிசையாகப் பார்க்க வேண்டும்.

4. கரகரவென்று இரும்போடு இரும்பு அரைக்கும் சத்தம், கூடவே பெடலில் உதறல். பேடு முழுக்கத் தேய்ந்து தகடு டிஸ்க்கைக் கடிக்கிறது. வண்டியை ஓட்டக்கூடாது. ஒவ்வொரு மிதியிலும் டிஸ்க்கில் பள்ளம் விழும், நிற்கும் தூரமும் நீளும்.

5. பிரேக் தொடாமலே தொடர்ந்து தகரம் உரசுவது போல. டிஸ்க்கின் பின்னால் இருக்கும் மெல்லிய தூசித்தகடு வளைந்திருக்கலாம், அல்லது அதற்கும் டிஸ்க்குக்கும் நடுவே கல் மாட்டியிருக்கலாம். கல்லை எடுத்துவிட்டு, தகட்டைக் கையாலேயே டிஸ்க்கிலிருந்து கொஞ்சம் விலகும்படி வளைத்தால் பெரும்பாலும் முடிந்தது.

ஹைப்ரிட், மின்சாரக் கார்களில் வேகத்தைக் குறைக்கும் வேலையில் பெரும்பகுதியை மோட்டாரே செய்கிறது. பேடு அதிகம் தேயாது, ஆனால் டிஸ்க் துருப்பிடிக்கும், ஸ்லைடு பின்கள் அசையாமல் இறுகும். இந்த வண்டிகளில் பேடு கனமாக இருக்கிறது என்ற ஒன்றை வைத்துப் பிரேக் நன்றாக இருக்கிறது என்று முடிவுசெய்யக்கூடாது.

தேய்ந்த டிஸ்க்: அளவுதான் தீர்ப்பு

டிஸ்க்கின் நடுக்கிண்ணத்திலோ ஓரத்திலோ ஒரு எண் பொறித்திருக்கும். அது குறைந்தபட்ச கனம், மி.மீ. கணக்கில். எண் துருவில் மறைந்திருந்தால் கம்பித் தூரிகையால் தேய்த்துப் பாருங்கள். அப்படியும் தெரியாவிட்டால் வண்டியின் சர்வீஸ் கையேட்டில் இருக்கும். புதிதில் 22 மி.மீ. இருக்கும் டிஸ்க்குக்கு 20 மி.மீ. எல்லை என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் அதன் ஆயுள் முழுவதும் அந்த 2 மி.மீ.தான், அதுவும் இரண்டு பக்கமும் சேர்த்து.

ஏன் இவ்வளவு கறார்? டிஸ்க் வெறும் உராய்வுப் பரப்பு மட்டும் அல்ல. வெப்பத்தை வாங்கி வைத்துக்கொண்டு காற்றில் விடும் பாத்திரமும் அதுதான். மேலே சொன்ன 580 கிலோஜூலில் 65 சதவீதம் முன்பக்கம் போனால், ஒரு முன் டிஸ்க்குக்குச் சுமார் 190 கிலோஜூல். 6 கிலோ எடையுள்ள டிஸ்க்கில் அது ஒரே நிறுத்தத்தில் 60 டிகிரிக்கு மேல் சூடேற்றும். மலைப்பாதையில் இறங்கும்போது ஆறுவதற்குள் அடுத்த பிரேக், அதற்குள் அடுத்தது. இரும்பு குறைந்தால் அதே வெப்பத்துக்குச் சூடு இன்னும் ஏறும். சூடு ஏறினால் பேடின் பிடி தளரும், பிரேக் ஆயில் கொதிக்கும் அபாயம் வரும், டிஸ்க்கில் விரிசல் விழும். இன்னொன்றும் உண்டு. டிஸ்க்கும் பேடும் ஒருசேரத் தேய்ந்தால் பிஸ்டன் வழக்கத்தைவிட அதிகம் வெளியே நீள வேண்டியிருக்கும். அது சீலின் பிடிக்கும் நல்லதில்லை.

அளக்கும்போது ஒரு கண்ணி இருக்கிறது. பழைய டிஸ்க்கின் வெளிவிளிம்பில் விரலை வைத்து உள்நோக்கித் தடவுங்கள். நகம் தட்டும்படி ஒரு மேடு இருக்கும். பேடு தொடாத இடம் அது; தேயாமல், மேலே துருவும் ஏறி நிற்கும். சாதாரண வெர்னியர் காலிப்பரை (இது அளக்கும் கருவி, பிரேக் காலிப்பர் அல்ல) வெளியிலிருந்து வைத்தால் அதன் தாடை இந்த மேட்டில்தான் உட்காரும். உண்மையில் 19.8 மி.மீ. இருக்கும் டிஸ்க் 21 மி.மீ. என்று காட்டும். அதனால்தான் மைக்ரோமீட்டர் என்ற நுண்ணளவுக் கருவி வேண்டும். அதன் வளைந்த சட்டம் மேட்டைத் தாண்டி உள்ளே போகும். விளிம்பிலிருந்து 10 முதல் 15 மி.மீ. உள்ளே தள்ளி, வட்டத்தைச் சுற்றி எட்டு இடங்களில் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். அதில் மிகக் குறைந்த எண்ணைத்தான் எல்லையோடு ஒப்பிட வேண்டும். எல்லைக்கு வெகு அருகில் இருந்தாலும் மாற்றிவிடுவதே நல்லது, ஏனென்றால் அடுத்த பேடு தேயும் வரை அந்த டிஸ்க் தாங்க வேண்டுமே.

கனம் சரியாக இருந்தாலும் மாற்ற வேண்டிய நேரங்கள் உண்டு: விளிம்புவரை ஓடும் விரிசல், நகம் சிக்கும் ஆழத்துக்குப் பள்ளங்கள், துரு தின்று செதில் செதிலாகப் பெயர்ந்த பரப்பு. இசைத்தட்டு போல மெல்லிய வரிகள் இருப்பது இயல்பு. அதற்காக மாற்றத் தேவையில்லை. நீலநிறத் திட்டுகள் தெரிந்தால் அது அதிகச் சூட்டின் தடம். ஏன் சூடேறியது என்று தேட வேண்டும்.

‘டிஸ்க் வளைந்துவிட்டது’ என்பது எவ்வளவு உண்மை?

பிரேக் பிடிக்கும்போது பெடலோ ஸ்டீயரிங்கோ உதறினால் டிஸ்க் வளைந்துவிட்டது என்று சொல்வது வழக்கம். சூட்டில் இரும்பு அப்படியே நெளிந்துபோவது சாதாரண ஓட்டத்தில் அரிது. பெரும்பாலும் நடப்பது கனத்தின் ஏற்றத்தாழ்வு: வட்டத்தின் ஓரிடம் மற்ற இடத்தைவிட மெலிந்திருக்கும், அல்லது ஓரிடத்தில் பேடின் பொருள் திட்டாக ஒட்டியிருக்கும். ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒன்றிரண்டு பங்கு வித்தியாசமே காலுக்குத் தெரிந்துவிடும்.

அந்த ஏற்றத்தாழ்வு எப்படி வருகிறது என்பதைப் படிப்படியாகப் பார்த்தால் வீட்டு வேலையில் நடக்கும் மிகப் பெரிய தவறு எங்கே இருக்கிறது என்று புரியும்.

1. புது டிஸ்க் மாட்டும்போது ஹப் முகத்தில் ஒரு துருத்துணுக்கு தங்கிவிடுகிறது. அதன் கனம் 0.1 மி.மீ. என்று கொள்வோம்.

2. ஹப்பின் விட்டம் 140 மி.மீ., டிஸ்க்கின் விட்டம் 280 மி.மீ. என்றால், அந்தச் சாய்வு டிஸ்க்கின் விளிம்பில் சுமார் 0.2 மி.மீ. ஆட்டமாகப் பெருகும். தயாரிப்பாளர்கள் அனுமதிக்கும் ஆட்டம் பொதுவாக 0.05 முதல் 0.1 மி.மீ. வரைதான்.

3. பிரேக் போடாதபோதும், ஒவ்வொரு சுற்றிலும் அந்த ஒரே இடம் பேடைத் தொட்டுவிட்டுப் போகிறது.

4. சில ஆயிரம் கி.மீ. ஓடியதும் அந்த இடம் மெலிகிறது. இப்போது பெடல் உதறத் தொடங்குகிறது.

மாட்டிய புதிதில் நன்றாக இருந்து, மாதக்கணக்கில் கழித்து உதறல் வருவதன் காரணம் இதுதான். பழி டிஸ்க் மேல் விழும். மறுபடி புது டிஸ்க் வாங்கி, அதே துருவின் மேல் மாட்டி, அதே கதை. வீல் நட்டுகளை ஒரே சீராக இறுக்காவிட்டாலும் டிஸ்க் கோணலாக உட்காரும்.

தேய்ந்த டிஸ்க்கைக் கடைசலில் கொடுத்துச் சமன்செய்யும் வழக்கமும் உண்டு. சமன்செய்த பிறகும் கனம் எல்லைக்கு மேலே போதுமான அளவு இருந்தால் மட்டுமே அதில் அர்த்தம் உண்டு. இப்போதைய டிஸ்க்குகள் முதலிலேயே மெல்லியவை என்பதால் பல நேரம் புதியது போடுவதே சரியாக இருக்கும்.

வீட்டில் தொடக்கூடாதவை

ஓட்டி முடித்ததும் ஒரு சக்கரம் மட்டும் மற்றவற்றைவிடக் கடுமையாகச் சுடுவது, பெடல் பஞ்சு போல அமுங்குவது, பெடல் மெல்ல மெல்லத் தரைவரை இறங்குவது, எங்காவது பிரேக் ஆயில் கசிவது, ஏபிஎஸ் விளக்கு எரிவது: இவை பேடு மாற்றும் வேலை அல்ல. பல நேரம் அழுத்தக் குழாய்களைத் திறக்க வேண்டிய வேலை. திறந்தால் காற்றை வெளியேற்ற வேண்டும். பழக்கம் இல்லாதவர் வீட்டில் செய்து பார்க்கும் இடம் அது இல்லை.

பின்சக்கரத்தில் மின் ஹேண்ட் பிரேக் இருந்தால் அதன் மோட்டாரைப் பின்வாங்க வைக்கும் சர்வீஸ் நிலைக்குக் கொண்டுபோகாமல் கைவைக்கவே கூடாது. மோட்டார் தானாக இயங்கி விரலை நசுக்கிவிடும், காலிப்பரும் பாழாகும். கேபிள் வகை ஹேண்ட் பிரேக் உள்ள பல பின் காலிப்பர்களில் பிஸ்டனைச் சுற்றித் திருகித்தான் உள்ளே அனுப்ப முடியும். கிளாம்ப் போட்டு நெருக்கினால் உள்ளே இருக்கும் திருகு உடைந்துவிடும்.

செய்முறை: முன்சக்கரம், பேடும் டிஸ்க்கும்

கார் சமதளத்தில் நிற்க வேண்டும். ஹேண்ட் பிரேக் போட்டு, பின்சக்கரத்துக்கு முட்டுக்கட்டை வையுங்கள். சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளைக் கால் சுற்று தளர்த்திவிட்டு, அப்புறம் ஜாக் போட்டுத் தூக்கி, ஜாக் ஸ்டாண்டில் இறக்குங்கள். ஜாக்கை மட்டும் நம்பி வேலை செய்வது உயிரோடு விளையாடுவது. ஸ்டாண்டில் இறக்கியதும் வண்டியைக் கையால் ஒரு தடவை அசைத்துப் பார்த்த பிறகுதான் நட்டைக் கழற்ற வேண்டும்.

பேடானாலும் டிஸ்க்கானாலும் ஒரே அச்சின் இரண்டு பக்கமும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் பிடி சமமாக இருக்காது, பிரேக் பிடிக்கும்போது வண்டி ஒருபக்கம் இழுக்கும். ஆனால் கழற்றுவது ஒவ்வொரு பக்கமாக. எது எங்கே இருந்தது என்ற சந்தேகம் வந்தால் மறுபக்கத்தைப் பார்த்துக்கொள்ளலாம்.

1. தூசி. பிரேக் தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள், உலர்ந்த தூரிகையால் தட்டாதீர்கள். பழைய பேடுகளில் கல்நார் இருந்திருக்கலாம். மற்ற தூசியும் நுரையீரலுக்கு ஆகாது. பிரேக் கிளீனரால் நனைத்து, ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். காற்றோட்டம் இருக்கட்டும், முகக்கவசம் இருக்கட்டும். குளோரின் கலந்த கிளீனர் வேண்டாம். கடும் சூட்டில் பட்டால் அது நச்சுவாயுவை உண்டாக்கும்.

2. காலிப்பர். பின்னால் இருக்கும் போல்ட்டுகளைக் கழற்றி காலிப்பரை எடுத்ததும் கம்பியால் சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கில் கட்டித் தொங்கவிடுங்கள். அதன் பாரம் ரப்பர் ஹோஸில் விழக்கூடாது. ஹோஸ் உள்ளுக்குள் பிய்ந்தால் வெளியே தெரியாது.

3. பழைய பேடுகளை அளவெடுங்கள். உள்பேடும் வெளிப்பேடும் ஏறத்தாழ ஒரே அளவு தேய்ந்திருக்க வேண்டும். உள்பேடு மட்டும் வெகுவாகத் தேய்ந்திருந்தால் ஸ்லைடு பின் இறுகியிருக்கிறது, அல்லது பிஸ்டன் முழுசாகத் திரும்பவில்லை. ஒரு முனை கனமாகவும் மறுமுனை மெலிந்தும் ஆப்பு போலத் தேய்ந்திருந்தால் ஏதாவது ஒரு பின் அல்லது காது சிக்குகிறது. பழைய பேடைத் தூக்கி எறிவதற்கு முன் இந்த ஒரு நிமிடத்தைச் செலவிட்டால்தான் புதுப் பேடும் அதே போலத் தேயாமல் தப்பும்.

4. பிராக்கெட். சத்தத்தை ஒழிக்கும் வேலை உண்மையில் இங்கேதான் நடக்கிறது. பேடு காது உட்காரும் இடத்தில் இருக்கும் எஃகு கிளிப்புகளைக் கழற்றுங்கள். அடியில் பார்த்தால் பொருக்குத்தட்டிய துரு இருக்கும். அது கிளிப்பை மேலே தள்ளி, காதுக்கான இடத்தைக் குறுக்கியிருக்கும். கம்பித் தூரிகையாலும் மெல்லிய அரத்தாலும் பளிச்சென்ற இரும்பு தெரியும்வரை எடுங்கள். இரும்பையே அரத்தால் தேய்த்துவிடக்கூடாது. புதுக் கிளிப்புகளைப் போட்டதும் பேடு கைவிரல் அழுத்தத்திலேயே உள்ளே வழுக்க வேண்டும். சுத்தியலால் தட்டி ஏற்ற வேண்டியிருந்தால் வேலை இன்னும் முடியவில்லை என்று அர்த்தம்.

5. ஸ்லைடு பின். இரண்டு பின்களையும் ரப்பர் உறையிலிருந்து உருவுங்கள். எது மேலே, எது கீழே என்று குறித்துக்கொள்ளுங்கள். சில வண்டிகளில் ஒன்றில் மட்டும் ரப்பர் வளையம் இருக்கும், இடம் மாறினால் சிக்கும். நல்ல பின் பளபளப்பாக, ஈரக் கிரீஸோடு வரும். கெட்டது பழுப்பாக, காய்ந்த பசை போல ஒட்டிக்கொண்டு வரும். துடைத்து, துருப்பள்ளம் இருந்தால் மாற்றி, சிலிக்கான் பிரேக் கிரீஸ் மெல்லிசாகப் பூசுங்கள். சாதாரண பேரிங் கிரீஸ் கூடாது. பெட்ரோலிய எண்ணெய் பட்டால் அந்த ரப்பர் உப்பிவிடும், அப்புறம் பின் நிரந்தரமாக இறுகும். ரப்பர் உறை கிழிந்திருந்தால் அதையும் மாற்றுங்கள், தண்ணீர் அதன் வழியாகத்தான் உள்ளே போகிறது.

6. டிஸ்க். பிராக்கெட்டையும் கழற்றினால்தான் பெரும்பாலும் டிஸ்க் வெளியே வரும். சிறு திருகு ஒன்று பிடித்திருக்கலாம். துருவில் ஒட்டியிருந்தால் சில டிஸ்க்குகளில் மரையிட்ட இரண்டு துளைகள் இருக்கும். அவற்றில் போல்ட்டை மாறி மாறி முறுக்கினால் டிஸ்க் தானே வெளியே தள்ளிக்கொண்டு வரும். ஹப் முகத்தைக் கம்பித் தூரிகையால் சுத்தமாகத் தேய்த்து, வீல் போல்ட்டுகளைச் சுற்றியுள்ள மூலைகளையும் விடாமல் துடைக்க வேண்டும். புது டிஸ்க்கின் மேல் துருப்பிடிக்காமல் இருக்க எண்ணெய் பூசியிருப்பார்கள். அதை பிரேக் கிளீனராலோ, சோப்புத் தண்ணீரால் கழுவி உலர்த்தியோ முழுசாக எடுங்கள். துடைத்த பிறகு விரல் ரேகை படாமல் ஓரத்தைப் பிடித்து மாட்டுங்கள்.

7. பிஸ்டன். பிஸ்டனைத் தொடும் முன் பானெட்டைத் திறந்து பிரேக் ஆயில் டப்பாவின் மட்டம் பாருங்கள். பிஸ்டனை உள்ளே தள்ளும்போது ஆயில் அங்கேதான் திரும்பி வரும். நிறைந்திருந்தால் வழியும், வழிந்தால் பெயிண்டை அரிக்கும். கொஞ்சம் உறிஞ்சி எடுத்துவிட்டு, பழைய பேடைப் பிஸ்டன் முகத்தில் வைத்து, கிளாம்ப்பால் நிதானமாக நெருக்குங்கள். சீராகப் போக வேண்டும். போகவே மறுத்தால் அது காலிப்பர் கோளாறு, அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

8. மாட்டுவது. பேடு காதுகளிலும், பேடின் முதுகில் பிஸ்டன் தொடும் இடத்திலும் சூடு தாங்கும் பிரேக் கிரீஸை நூலிழை கனத்துக்கு வையுங்கள். உராய்வு முகத்திலோ டிஸ்க்கிலோ ஒரு துளி பட்டாலும் பேடு கெட்டது. சத்தம் போக டிஸ்க்கில் எண்ணெய் தெளிக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்கவே கேட்காதீர்கள். சத்தத்தோடு பிரேக்கும் போய்விடும். எல்லா போல்ட்டுகளையும் கையேட்டில் சொன்ன முறுக்கு அளவுக்கு டார்க் ரெஞ்சால் இறுக்குங்கள். வீல் நட்டுகளை நட்சத்திர வரிசையில், எதிரெதிராக இறுக்க வேண்டும்.

9. வண்டியை நகர்த்துவதற்கு முன் பெடலைத் திரும்பத் திரும்ப மிதியுங்கள். உள்ளே தள்ளிய பிஸ்டன் பேடை எட்டும்வரை முதல் சில மிதிகளுக்குப் பிரேக்கே இருக்காது. பெடல் கெட்டியானதும் ஆயில் மட்டத்தைச் சரிபாருங்கள். இதை மறந்து வண்டியை எடுத்து எதிரே இருந்த சுவரில் மோதியவர்கள் உண்டு.

ஆயில் குறைந்திருந்தால் டப்பா மூடியில் எழுதியிருக்கும் வகையையே ஊற்றுங்கள். டாட் 3, டாட் 4, டாட் 5.1 மூன்றும் கிளைக்கால் வகை, காற்றின் ஈரத்தை உறிஞ்சும். புதிய டாட் 4 ஆயில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக்கூடாது என்பது தரம். ஈரம் ஏறிய பிறகு அந்த வரம்பு 155 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. பல தயாரிப்பாளர்கள் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்வது இதனால்தான். டாட் 5 சிலிக்கான் வகை. மற்றவற்றோடு கலக்கவே கூடாது.

பழக்கப்படுத்துவது

புதுப் பேடும் புது டிஸ்க்கும் மாட்டியவுடன் முழுப் பிடி கிடைக்காது. பேடின் பொருள் மெல்லிய படலமாக டிஸ்க் முழுவதும் சமமாகப் படிய வேண்டும். ஆளில்லாத சாலையில் 50 கி.மீ. வேகத்திலிருந்து 10 கி.மீ. வரை மிதமாகக் குறைப்பதை எட்டு, பத்து முறை செய்யுங்கள், இடையில் ஆற விடுங்கள். சூடாக இருக்கும்போது முழுக்க நிறுத்தி பெடலை மிதித்தபடியே இருக்காதீர்கள்; நின்ற இடத்தில் பேடு தன் அச்சை டிஸ்க்கில் ஒட்டிவிடும், அதுவே பின்னாளில் உதறலாகும். பேடு தயாரிப்பாளர் வேறு முறை சொல்லியிருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

அப்புறமும் சத்தம் வந்தால்

முதல் சில நூறு கி.மீ. வரை லேசான சத்தம் வருவது இயல்பு. அதைத் தாண்டியும் நீடித்தால் ஷிம் சரியாக உட்கார்ந்திருக்கிறதா, கிளிப் எதுவும் டிஸ்க்கில் தொடுகிறதா, எச்சரிக்கை நாக்கு உள்ள பேடு சரியான பக்கத்தில்தான் இருக்கிறதா என்று பாருங்கள். பேடு முகம் கண்ணாடி போல மின்னினால் 80 அல்லது 120 எண் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, மறுபடி பழக்கப்படுத்திப் பார்க்கலாம். எண்ணெய் ஊறிய பேடை இப்படிக் காப்பாற்ற முடியாது, மாற்றத்தான் வேண்டும்.

எல்லாம் சரியாக இருந்தும் ஒரு சக்கரத்தில் மட்டும் சத்தமும் சூடும் சேர்ந்து வந்தால் பிஸ்டன் இறுகியிருக்கும், அல்லது ரப்பர் ஹோஸ் உள்ளே அடைத்து அழுத்தத்தைத் திரும்ப விடாமல் பிடித்திருக்கும். இது மெக்கானிக் வேலை. போகும்போது நீங்கள் எடுத்த அளவுகளை எழுதிக்கொண்டு போங்கள்: எட்டு இடத்து டிஸ்க் கனம், உள்பேடு, வெளிப்பேடு மிச்சம், எந்தச் சக்கரம், எப்போது சத்தம். உள்பேடு 3 மி.மீ., வெளிப்பேடு 8 மி.மீ. என்று காகிதத்தில் இருந்தால் அவர் டிஸ்க்கை மாற்றுவதைப் பற்றிப் பேசுவதற்கு முன்பே காலிப்பரைத்தான் கழற்றிப் பார்ப்பார்.